பெட்டியில் 1 டிபி, திரையில் 931 ஜிபி: இதில் எது ஏமாற்று?

ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க்கை வாங்கி விண்டோஸ் கணினியில் செருகினால் 931 ஜிபி என்றுதான் காட்டும். பார்த்தவுடன் ஏமாந்துவிட்டதாகத் தோன்றும்; உண்மையில் ஒரு பைட்கூடக் குறையவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணி, ஒரு லட்சம் கோடி பைட்டை டெராபைட் என்கிறார். விண்டோஸ் 1,024 வீதம் எண்ணிவிட்டு, அதற்கும் ஜிபி என்றே பெயரிடுகிறது. ஆப்பிள் மேக் 2009-இல் ஆயிரக் கணக்குக்கு மாறிவிட்டதால், அதே டிஸ்க் அங்கே முழு டெராபைட். ‘அப்படியானால் பெட்டியில் 931 என்றே அச்சிடலாமே’ என்ற கேள்வி நியாயமானதுதான். அமெரிக்காவில் இதே குறையோடு தொடுத்த வழக்குகளை டிஸ்க் தயாரிப்பாளர்களான வெஸ்டர்ன் டிஜிட்டல் 2006-லும் சீகேட் 2007-லும் சமரசத்தில் முடித்துக்கொண்டன. ஆனால் இது அளவுகோல் தகராறு, சரக்கில் குறைவில்லை.

காலி இடக் கணக்கும் இப்படித்தான். கோப்புகளை டிஸ்க்கில் அடுக்கி நிர்வகிக்கும் கோப்பு முறைமை, டிஸ்க்கைத் துழாவிப் பார்த்துச் சொல்வதில்லை. எது நிரம்பியது, எது காலி என்று தான் எழுதிவைத்த பேரேட்டைப் பார்த்துச் சொல்கிறது. லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை வழக்கமாக 5 சதவீதத்தை நிர்வாகிக்கென ஒதுக்கிவிடுவதால் கூட்டல் கழித்தல் ஒத்துவராது. அழித்த கோப்பை ஒரு நிரல் இன்னும் திறந்து வைத்திருந்தால், அது மூடும்வரை இடம் திரும்பாது. இவையும் கணக்கு முறைகளே.

மோசடி நடப்பது பேரேட்டுக்கும் அடியில். பென் டிரைவின் கொள்ளளவைச் சொல்வது அதனுள் இருக்கும் கன்ட்ரோலர் சிப். கோப்பு முறைமை அதை அப்படியே நம்புகிறது. 32 ஜிபி நினைவகத்தை 1 டிபி என்று சொல்லும்படி சிப்பைத் திருத்தி விற்பவர்கள் உண்டு. காலி இடம் தாராளமாகத் தெரியும், நகலெடுப்பதும் தடையின்றி முடியும். உண்மையான கொள்ளளவைத் தாண்டியபின் வருவது பழையதன்மேல் எழுதப்படும், அல்லது பதியாமலே போகும். கோப்பின் பெயர் இருக்கும். திறந்தால் படம் இருக்காது. ஆகவே திரையின் எண் சான்றாகாது. முழுதும் நிரப்பி, திரும்பப் படித்துப் பார்ப்பதே சோதனை. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 இதை இலவசமாகச் செய்கின்றன.

‘சில நூறு ரூபாய்க்காகப் புகாரோடு யார் அலைவது?’ என்பார்கள். பறிபோவது பென் டிரைவின் விலை மட்டுமல்ல, அதை நம்பி வைத்த படங்களும் ஆவணங்களும். இந்தியாவில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 போலிச் சரக்கையும் பொய் விளம்பரத்தையும் முறையற்ற வணிகம் என்கிறது. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் தமிழிலேயே புகார் செய்யலாம். தீராவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. பில், விளம்பரத்தின் படம், சோதனை முடிவு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடியுமுன் சோதித்துவிடுங்கள். அதுவரை எதன் ஒரே பிரதியையும் அந்த பென் டிரைவில் வைக்காதீர்கள்.