தொடை எலும்பு சொல்லும் உயரம்

எலும்புக்கூடு ஒன்று யாருடையது என்று தேடும் தடய அறிவியலாளர், பால், வயது ஆகியவற்றோடு அம்மனிதர் உயிரோடிருந்தபோது எவ்வளவு உயரம் இருந்திருப்பார் என்பதையும் கணிக்கின்றனர். காணாமற்போனோர் பட்டியலில் பொருந்தாதவர்களை விலக்கித் தேடலைக் குறுக்க அது உதவுகிறது. இதற்கு முதலில் நாடப்படுவது தொடை எலும்பு. அது நிற்கும் உயரத்தின் ஒரு பகுதியாகவே அமைவதால், உயரத்தில் நேரடிப் பங்கில்லாத கை எலும்புகளைவிடப் பிழை குறைந்த விடையைத் தருகிறது.

எலும்பின் நீளம் கூடக்கூட உயரம் எந்த அளவில் கூடுகிறது என்பதைப் பலரது அளவுகளிலிருந்து கண்டு சமன்பாடாக்கும் தொடர்புப்போக்கு என்ற புள்ளியியல் முறையைக் கார்ல் பியர்சன் 1899இலேயே இதற்குப் பயன்படுத்தினார் எனினும், அதற்கேற்ற பெருந்தரவு பின்னர் போரின் வழியாகவே வந்தது. பசிபிக் போரில் மாண்ட அமெரிக்க வீரர்களின் எலும்புகளை ஹவாயில் அளந்த உடற்கூற்றியலாளர் மில்ட்ரெட் டிராட்டர், படையில் பதியப்பட்டிருந்த உயரங்களோடு அவற்றை ஒப்பிட்டு, புள்ளியியலாளர் கோல்டின் கிளெசருடன் 1952இல் சமன்பாடுகளை வெளியிட்டார். வெள்ளையின ஆண்களுக்கான சமன்பாட்டின்படி, தொடை எலும்பின் நீளத்தை 2.38ஆல் பெருக்கி 61.41 கூட்டினால் உயரம் சென்டிமீட்டரில் கிடைக்கும், 45 செ.மீ. எலும்புக்கு விடை ஏறத்தாழ 168.5 செ.மீ. ஆனால் அதன் திட்டப்பிழை 3.27 செ.மீ. என்பதால், ஏறக்குறைய மூவரில் இருவருக்கே உண்மை உயரம் 165க்கும் 172க்கும் இடையில் அமையும். எனவே ஒற்றை எண்ணை மட்டும் அறிக்கையில் எழுதுவது தவறு.

கால்களுக்கும் உடலுக்குமான விகிதம் மக்கள்தொகைக்கு மக்கள்தொகை வேறுபடுவதால், ஒரு குழுவின் சமன்பாடு மற்றொன்றுக்குப் பொருந்தாது. மண்டையோட்டிலிருந்து குதிகால் வரை உயரத்தில் பங்குள்ள எலும்புகளை எல்லாம் அளந்து கூட்டி, தசைக்கும் குருத்தெலும்புக்கும் உரியதைச் சேர்க்கும் ஜார்ஜ் ஃபுல்லியின் 1956ஆம் ஆண்டு முறைக்கு இச்சிக்கல் குறைவு; ஆனால் அதற்கு ஏறக்குறைய முழு எலும்புக்கூடும் வேண்டும்.

இவ்வளவுக்கும் அடிப்படை, எலும்பை எங்கிருந்து எங்குவரை அளப்பது என்ற எளிய கேள்வியே. கணைக்கால் உள்ளெலும்பை அளக்கையில் கணுக்காலின் உட்புறம் துருத்தி நிற்கும் முனையையும் சேர்க்க வேண்டும் என்று எழுதிய டிராட்டர், அளந்தபோது அதை விட்டுவிட்டார் என்பதை, அவர் அளந்த எலும்புகளையே மீண்டும் அளந்து பார்த்த ரிச்சர்ட் ஜான்ட்ஸ் குழுவினர் 1990களில் கண்டறிந்தனர். விடுபட்டது ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும் துண்டு. ஆயினும் அவர் எழுதிய விதிப்படி அளந்து, அவ்வெலும்புக்கான அவரது சமன்பாட்டில் இடுவோர்க்கு உயரம் இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் வரை கூடிவிடுகிறது. ஆகவே அச்சமன்பாட்டைக் கையாள்பவர் அவர் எழுதியபடி அன்றி, அவர் அளந்தபடியே அளக்க வேண்டியிருக்கிறது.