பேட்டரியைக் குற்றம் சொல்லும் முன்

அடையாறிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துத் தெற்கே போனால் முட்டுக்காடு. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறையில் மிதிபடகு, துடுப்புப் படகு, விசைப்படகு என்று எத்தனையோ இருந்தாலும், இளைஞர்களின் கண் போவது வாட்டர் ஸ்கூட்டர் மேல்தான். கிளேட்டன் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கரின் யோசனையில் பிறந்து, 1970-களில் கவாசாகி நிறுவனத்தால் உலகம் முழுவதும் பரவிய வண்டி இது.

பழைய வாட்டர் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களின் புகார் எந்த ஊரிலும் ஒன்றுதான். நேற்று ஓடியது, இன்று செல்ஃப் எடுக்கவில்லை. பட்டனை அழுத்தினால் 'டிக்' என்ற சத்தத்தோடு சரி. உடனே புது பேட்டரி வாங்கி மாட்டுகிறார்கள். சில நாளில் அதுவும் படுத்துவிடுகிறது. காசு போன பிறகே, சார்ஜ் ஏறுகிறதா என்ற சந்தேகம் வருகிறது. அந்தச் சந்தேகம் முதலிலேயே வர வேண்டும்.

காரில் இருப்பதுபோல் பெல்ட் போட்ட ஆல்டர்னேட்டர் பெரும்பாலான வாட்டர் ஸ்கூட்டர்களில் கிடையாது. இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஃப்ளைவீலில் காந்தங்கள் பதித்திருக்கும். அதற்குள் அசையாமல் நிற்கிறது ஸ்டேட்டர் என்ற செப்புக் கம்பிச் சுருள். மெக்கானிக்குகள் இதை மேக்னட் காயில் என்பார்கள். காந்தம் சுற்றச் சுற்ற காயிலில் ஏ.சி. மின்சாரம் உண்டாகிறது. அதை டி.சி.யாக மாற்றி, அளவு மீறாமல் பேட்டரிக்கு அனுப்புவது ரெக்டிஃபையர்-ரெகுலேட்டர். நம் மோட்டார் சைக்கிள்களிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். 'ஆர்.ஆர். யூனிட்' என்று கேட்டால் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார். அதற்காக பைக் யூனிட்டை இதில் மாட்டிவிடக் கூடாது. அளவு வேறு, தண்ணீர் புகாத கட்டமைப்பும் வேறு.

காயிலும் யூனிட்டும் கெட்டுப்போவது உண்டுதான். ஆனால் அவற்றைத் தொடுமுன் பார்க்க வேண்டியது உப்பு செய்த வேலையை. பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் கடலைப் பார்த்த ஜன்னல் கம்பிகள் எவ்வளவு சீக்கிரம் துருவேறுகின்றன என்று அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். உப்புத் தண்ணீரிலேயே கிடக்கும் வண்டியைக் கேட்கவே வேண்டாம். கப்ளரைப் பிரித்தால் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். ஒயரின் மேலுறை புதிதுபோல் பளபளக்கும். முனையில் கொஞ்சம் சீவிப் பார்த்தால் உள்ளே செப்பு கறுத்து, விரலால் நிமிண்டினாலே உதிரும். இன்ஜினில் முடுக்கியிருக்கும் எர்த் ஒயரும் அப்படித்தான். உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே வாசலின் தடவினாலே பல வண்டிகள் பிழைத்துக்கொள்ளும்.

அடுத்து மல்டிமீட்டர். ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சீட்டைத் திறந்து, உள்ளே தேங்கிய பெட்ரோல் ஆவி வெளியேறும்வரை காத்திருப்பது கட்டாயம். ஒரு தீப்பொறி போதும், விபரீதமாகிவிடும். நல்ல பேட்டரி சார்ஜ் ஏறி சில மணி நேரம் ஓய்ந்த பிறகு 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். 12.2 காட்டினால் பாதிதான் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே வெகுவாக இறங்கினால் பேட்டரியே நோயாளி.

பிறகு இன்ஜினை ஓடவிட்டு, சுமார் 3,500 சுற்று வேகத்தில் பேட்டரி முனைகளில் அளக்க வேண்டும். 13.5 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜிங்கில் குறையில்லை. 12-லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது. பேட்டரி கொதித்து வீங்கும். கரையில் வைத்துச் சோதித்தால் குளிரூட்ட ஹோஸ் தண்ணீர் தேவை. இன்ஜினை ஸ்டார்ட் செய்த பிறகே குழாயைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் குழாய், பிறகு இன்ஜின். மாற்றிச் செய்தால் எக்ஸாஸ்ட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடும்.

சார்ஜ் ஏறவில்லை என்றால் ஃபியூஸைப் பார்த்துவிட்டு, காயில் ஒயர்களை யூனிட்டிலிருந்து பிரித்து, ஏ.சி. அளவில் மீட்டரை வைக்க வேண்டும். வேகம் கூடக் கூட வோல்ட் ஏற வேண்டும். மூன்று ஒயர் கொண்ட மூன்று-ஃபேஸ் வகையில் எந்த இரண்டைத் தொட்டாலும் ஏறக்குறைய ஒரே அளவு வர வேண்டும். இன்ஜினை நிறுத்திய பின், காயிலுக்கும் இன்ஜின் உடம்புக்கும் இடையே தொடர்பு காட்டினால் காயில் எர்த் ஆகிவிட்டது. காயில் சரி, ஒயர்களும் சரி என்றால் மிஞ்சுவது ஆர்.ஆர். யூனிட். ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றிச் சோதிக்கும் பழைய பழக்கம் வேண்டவே வேண்டாம். நல்ல யூனிட்டும் அதில் போய்விடும்.

எல்லாம் சரியாக இருந்தும் பேட்டரி இறங்குவதுண்டு. சில நிமிடச் சுற்று, நிறுத்தம், மறுபடி செல்ஃப் என்று நாள் முழுக்க ஓடும் வண்டியில், செலவான மின்சாரம் திரும்ப ஏற நேரமே கிடைப்பதில்லை. ராத்திரியில் சார்ஜரில் போட்டால் தீர்ந்தது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டி சும்மா நிற்கும் மாதங்கள்தான் பேட்டரிக்குக் கண்டம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். 19 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 2 ஆம்பியர் சார்ஜ் போதும். மாதம் ஒருமுறை ஏற்றுங்கள். செத்த பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். அதில் ஈயமும் அமிலமும் இருக்கின்றன. புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.