அடிக்குக் கைத்தட்டல்... வலி யாருக்கு?

பெரிய நடிகரின் படம் வெளியாகும் வாரத்தில் சுங்கைப்பட்டாணி திரையரங்கில் நிற்கக்கூட இடம் இருக்காது. பீடோங், பாடாங் செராய், கூலிம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். அப்படியொரு காட்சிக்கு என் அக்காள் குடும்பத்தோடு போயிருந்தேன். திரையில் ஒருவன் கழுத்து அறுபட்டது. அரங்கமே விசிலடித்தது. முன் வரிசையில் இருந்த சின்னப் பெண் பிள்ளை அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. படிவம் இரண்டில் படிக்கும் அக்காள் மகனோ எழுந்து நின்று கைத்தட்டினான்.

திரும்பும் வழியில் காரில் கேட்டேன். "தம்பி, கழுத்து அறுபட்டுச் செத்தானே, அவன் யாரு?"

"தெரியல மாமா. வில்லனோட ஆளு."

அந்தப் பதில் பல நாள் என்னை விடவில்லை.

தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலம் இங்குள்ள பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அப்போதும் சண்டை இருந்தது. எம்.ஜி.ஆர். சிலம்பம் சுற்றினால் லயமே ஆர்ப்பரிக்கும். ஆனால் ரத்தம் அதிகம் தெரியாது. கடைசியில் நம்பியார் திருந்துவதற்குக்கூட வழி இருக்கும். அதுவும் கற்பனைதான். அந்தக் காலப் படமெல்லாம் உயர்வு, இப்போது வருவதெல்லாம் குப்பை என்று சொல்ல நான் வரவில்லை.

உண்மையில், தமிழில் குற்றக் கதைகள் இன்று நன்றாகவே எழுதப்படுகின்றன. 2017-இல் வந்த 'மாநகரம்' நாயகன் என்று ஒருவரைத் தூக்கி நிறுத்தாமலே நம்மை நாற்காலி நுனியில் உட்கார வைத்தது. 2019-இல் வந்த 'கைதி'யில் காதல் பாட்டு இல்லை, கதாநாயகி இல்லை. ஒரே இரவு, ஒரு லாரி, மகளைப் பார்க்கத் துடிக்கும் ஒரு தகப்பன். வெற்றிமாறனின் 'விசாரணை' காவல் நிலையத்தில் விழும் அடியைக் காட்டியபோது யாரும் கைத்தட்டவில்லை. அடி வாங்குகிறவனின் பெயரும் ஊரும் நமக்குத் தெரிந்திருந்ததுதான் காரணம்.

குறை அதற்கடுத்த கட்டத்தில் தொடங்குகிறது. 'விக்ரம்' படத்தில் ஓர் இளம் மனைவி தலை துண்டிக்கப்பட்டுச் சாகிறாள். கணவனுக்குக் கோபம் வருவதற்கு அந்தச் சாவு தேவைப்படுகிறது. 'ஜெயிலர்' வில்லன் மனிதர்களை அமிலத் தொட்டியில் இறக்குகிறான்; நாயகன் சிறைக் கைதியின் காதை அறுக்கிறார். இரண்டுமே வேடிக்கையும் மிரட்டலும் கலந்த காட்சிகளாகக் கடந்து போகின்றன.

'லியோ' நல்ல உதாரணம். 2005-இல் டேவிட் குரோனென்பெர்க் இயக்கிய 'எ ஹிஸ்டரி ஆஃப் வயலன்ஸ்' படத்தின் பாதிப்பில் எடுக்கப்பட்டது அது. அந்த ஆங்கிலப் படம் எப்படி முடிகிறது தெரியுமா? கொலைகளை முடித்துவிட்டு வீடு திரும்புகிறான் தகப்பன். குடும்பம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறது. யாரும் பேசவில்லை. சின்ன மகள் எழுந்து போய் அப்பாவுக்கு ஒரு தட்டை எடுத்து வைக்கிறாள். இனி இந்தக் குடும்பம் எப்படி வாழும் என்ற கேள்வியோடு படம் முடிகிறது. 'லியோ'வோ ஒரு தொலைபேசி அழைப்போடு முடிகிறது. அடுத்த படத்துக்கு அச்சாரம்! வன்முறை ஒரு வீட்டை என்ன செய்கிறது என்று கேட்ட கதை, அடுத்த சண்டை எப்போது என்று கேட்கும் கதையாகிவிட்டது.

நம் ஊர்க் கணக்கு

இது சினிமா ரசனை பற்றிய பேச்சு மட்டுமாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றில் 40,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். அவர்களில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினர் இந்தியர்கள். நாட்டு மக்கள் தொகையில் நாம் பத்து விழுக்காடுகூட இல்லை.

படம் பார்த்ததால் இவர்கள் கும்பலில் சேர்ந்தார்கள் என்று சொல்வது சோம்பேறித்தனம். தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், வேலையோடு வீடும் போனதும், பள்ளியைப் பாதியில் விட்டதும்தான் பெரிய காரணங்கள். ஆனால் கும்பலில் சேரும் பையன் தன்னை நாயகனாக நினைத்துக்கொண்டுதான் சேர்கிறான். அங்கே அவனுக்குக் கிடைக்கும் வேடமோ 'வில்லனோட ஆளு'. அவன் விழும்போது கேமரா நிற்காது. அவன் அம்மா மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் அலைவதை எந்தப் பின்னணி இசையும் தூக்கி நிறுத்தாது.

2016-இல் வந்த 'கபாலி' நம்மைப் பற்றிய கதை என்று கொண்டாடினோம். தோட்டத் தொழிலாளர் உரிமைக்குக் குரல் கொடுத்தவன் கும்பல் தலைவனாகிறான். இங்கே திரையிட்ட பிரதியில் கபாலி காவல்துறையிடம் சரணடைந்தான் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தார்கள். இரண்டரை மணி நேரக் கவர்ச்சியை ஒரு வரி துடைத்துவிடுமா?

துடைக்க வேண்டிய அவசியமே இல்லாத படம் ஒன்றை நம் நாட்டிலேயே எடுத்தார் சஞ்சய் குமார் பெருமாள். 2015-இல் வந்த 'ஜகாட்'. 1990-களின் தொடக்கத்தில் தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒரு குடும்பம். அப்போய் என்ற சிறுவன். படி படி என்று அடிக்கும் அப்பா. கும்பலில் இருக்கும் சித்தப்பா. பையன் ஏன் சித்தப்பா பக்கம் சாய்கிறான் என்பதைப் படம் நிதானமாகக் காட்டியது. 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படத்துக்கான விருதும் பெற்றது. ஆனால் நம் வீடுகளில் எத்தனை பேர் அதைப் பார்த்தோம்?

இன்னும் எடுக்கப்படாத கதையும் நம் கெடாவிலேயே இருக்கிறது. 1946-இல் இங்குள்ள தோட்ட இளைஞர்கள் தொண்டர் படை அமைத்தார்கள். ஏ.எம்.சாமி முன்னின்று நடத்தினார். அணிவகுத்தார்கள், கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தார்கள். 1947-இல் காவல்துறையோடு மோதல், கைது என்று அந்த இயக்கம் ஒடுக்கப்பட்டது. ஆபத்தும் துரத்தலும் துரோகமும் எல்லாம் உள்ள கதை. தோட்டத்துப் பையன் வீரனாவதற்குக் கும்பலில் சேர வேண்டியதில்லை என்று சொல்லும் கதை.

என்ன செய்யலாம்?

படத்தைத் தடை செய்யச் சொல்லவில்லை. தடுத்தால் பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்துவிடுவார்கள். தணிக்கை வாரியம் பி12, 13, 16, 18 என்று வயது குறித்துத் தருகிறது. டிக்கெட் வாங்கும்போது நேரத்தைப் பார்க்கிறோம்; அந்த எண்ணையும் பார்ப்போம். ஆறு வயதுப் பிள்ளையை வீட்டில் விட ஆள் இல்லையென்றால் அந்த வாரம் வேறு படத்துக்குப் போகலாம்.

அதைவிட முக்கியம், படம் முடிந்தபின் பேசுவது. அறிவுரை வேண்டாம், பிள்ளைகளுக்குப் பிடிக்காது. ஒரே ஒரு கேள்வி போதும்.

நான் அக்காள் மகனிடம் அடுத்த வாரம் மறுபடியும் கேட்டேன். "அந்த வில்லனோட ஆளுக்கு வீடு எங்க இருக்கும்?" கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு, தன்னோடு தமிழ்ப்பள்ளியில் படித்து, இப்போது பள்ளிக்கே வராத ஒரு பையனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான்.

அன்றைக்குச் சாப்பாடு ஆறிப்போனது. பேச்சு முடியவில்லை.