குழந்தைக்கு மூளைக்காய்ச்சலா? முதுகில் நீர் எடுக்கப் பயம் வேண்டாம்

காய்ச்சலோடு வரும் குழந்தைகளில் மிகச் சிலருக்குத்தான் பாக்டீரியா மூளைக்காய்ச்சல் இருக்கும். அந்தச் சிலருக்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

சந்தேகம்: சாதாரணக் காய்ச்சலிலிருந்து இதை எப்படிப் பிரித்தறிவது?

விளக்கம்: பெரிய குழந்தைக்குத் தலைவலி, வாந்தி, வெளிச்சத்தில் கண்கூச்சம் இருக்கும். கழுத்து விறைத்து, தாடையை நெஞ்சில் படும்படி குனிய முடியாது. கைக்குழந்தைக்குக் கழுத்து விறைக்காமலும் போகலாம். அது பால் குடிக்காது. தூக்கினால் இன்னும் வீறிடும். எழுப்பினாலும் துவண்டு கிடக்கும். பச்சிளம் குழந்தைக்குக் காய்ச்சலுக்குப் பதில் உடல் சில்லிடலாம். அழாத நேரத்தில் நிமிர்த்திப் பிடித்து உச்சிக்குழியைத் தடவிப் பாருங்கள். எண்ணெய் வைக்கும்போது பள்ளமாகத் தட்டுப்படும் அந்த இடம் மேடாகப் புடைத்திருந்தால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

சந்தேகம்: காய்ச்சலில் ஃபிட்ஸ் வருவது சகஜம்தானே?

விளக்கம்: 6 மாதம் முதல் 5 வயதுவரை வரலாம். பெரும்பாலும் சில நிமிடங்களில் நின்று, குழந்தை சற்று நேரத்தில் பழையபடி முகம் பார்க்கும். முதல்முறை வந்தால் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். 5 நிமிடத்தில் நிற்காவிட்டாலோ, திரும்ப வந்தாலோ, தெளியாமல் மயங்கிக் கிடந்தாலோ 108-ஐ அழையுங்கள்.

சந்தேகம்: நோயை உறுதிசெய்ய முதுகில் நீர் எடுத்தால் கால் விளங்காமல் போய்விடுமாமே?

விளக்கம்: தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழே, இடுப்பெலும்பு மட்டத்தில்தான் ஊசி இறங்குகிறது. அதனால் கால் செயலிழப்பது மிக மிக அரிது. தெளிந்த தண்ணீராக வரவேண்டிய நீர், அரிசி கழுவிய தண்ணீர்போல் கலங்கி வந்தால் அப்போதே நோய் பிடிபட்டுவிடும். எந்தக் கிருமி, எந்த மருந்து, எத்தனை நாள் என்பதையும் அந்த நீர்தான் சொல்லும். எடுக்கத் தாமதமானால் மருந்தை முதலில் தொடங்கிவிடுவார்கள்.

சந்தேகம்: மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது. வீட்டுக்கு அழைத்துப் போகலாமா?

விளக்கம்: கூடாது. கிருமியைப் பொறுத்து 7 முதல் 14 நாள், பச்சிளம் குழந்தைக்குச் சில சமயம் 21 நாள்வரை நரம்பு வழியாக மருந்து செல்ல வேண்டும். இந்நோய் காதைப் பாதிக்கலாம் என்பதால், குணமானபின் செவித்திறன் சோதனை கட்டாயம்.

சந்தேகம்: வராமல் தடுக்க முடியுமா?

விளக்கம்: முக்கியக் கிருமிகள் இரண்டுக்கு அரசு மருத்துவமனைகளிலேயே இலவசத் தடுப்பூசி உண்டு. ஹிப் கிருமிக்கான பென்டாவேலன்ட் 2011 முதலும், நியூமோகாக்கல் தடுப்பூசி 2021 முதலும் தமிழகத்தில் போடப்படுகின்றன.

மருத்துவமனைக்குக் கிளம்பும்போது தடுப்பூசி அட்டையோடு, ஏற்கெனவே கொடுத்த மருந்தின் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். அரைகுறையாகக் கொடுத்த ஆன்டிபயாடிக் நோயின் அறிகுறிகளை மறைத்திருக்கலாம்.