திரைப்படத்தில் இழிசொல்: கூறும் உரிமை யாருக்கு?

ஓர் இனத்தாரை இழிவுபடுத்தும் சொல்லைத் திரைப்படத்தில் பயன்படுத்தலாமா, பயன்படுத்தலாமெனில் அவ்வுரிமை யாருக்கு உண்டு என்னும் வினா அமெரிக்க ஐக்கிய நாட்டில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகின்றது. கறுப்பின மக்களைக் குறித்து வெள்ளையர் வழங்கிய ஓர் இழிசொல்லே இவ்விவாதத்தின் நடுவில் நிற்பது. அந்நாட்டுச் செய்தித்தாள்கள் பெரும்பாலும் அதனை முழுமையாக அச்சிடாமல் முதலெழுத்தால் மட்டுமே சுட்டுகின்றன. நாமும் அதனை இங்கு எழுதாமலே பொருளை ஆராயலாம்.

1. சொல்லின் வரலாறு

கருமை என்று பொருள்படும் ஓர் இலத்தீன் மூலத்திலிருந்து இரு சொற்கள் கிளைத்தன. அவற்றுள் ‘நீக்ரோ’ என்பது 1960களின் நடுப்பகுதிவரை மதிப்புள்ள பெயராகவே கருதப்பட்டது. மார்ட்டின் லூதர் கிங் தம் மக்களை அப்பெயராலேயே குறிப்பிட்டார். பின்னர் அம்மக்களே அதனை விடுத்து வேறு பெயர்களைத் தெரிந்துகொண்டனர். மற்றொன்றே நாம் ஆராயும் இழிசொல். அடிமைச் சந்தையிலும் பருத்தித் தோட்டத்திலும் சாட்டையொலியோடு சேர்ந்து கேட்கப்பட்ட சொல் அது. அடிமைமுறை 1865இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும் அது ஒழியவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ராண்டல் கென்னடி 2002இல் அவ்வொரு சொல்லின் வரலாற்றைக் குறித்தே ஒரு நூல் வெளியிட்டார் என்பது அதன் கனத்தை உணர்த்தும்.

2. நீக்கினால் போதுமா?

மார்கரெட் மிட்செல் 1936இல் வெளியிட்ட ‘கான் வித் த விண்ட்’ புதினத்தில் இச்சொல் இடம்பெற்றிருந்தது. அது திரைப்படமாக உருவானபொழுது கறுப்பினப் பத்திரிகைகளும் நிறமுடையோர் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கமும் கண்டனம் தெரிவித்தன. வெள்ளையர் வாயில் அன்றிக் கறுப்பினப் பாத்திரங்களின் வாயில் மட்டும் அதனை வைக்கலாம் என்னும் யோசனையும் அக்காலத்திலேயே எழுந்தது. முடிவில் தயாரிப்பாளர் செல்ஸ்னிக் அதனை அறவே நீக்கினார்.

ஆயினும் 1939 டிசம்பரில் அட்லாண்டா நகரில் நிகழ்ந்த முதற்காட்சிக்கு அப்படத்தின் கறுப்பின நடிகர்கள் செல்ல இயலவில்லை. அங்கு இனப் பிரிவினைச் சட்டம் நிலவிற்று. பணிப்பெண் வேடமேற்ற ஹாட்டி மக்டேனியல் 1940இல் ஆஸ்கர் விருது பெற்ற முதற் கறுப்பினத்தவரானார். விழா மண்டபத்திலோ அவருக்குத் தனியே ஒரு மேசை இடப்பட்டிருந்தது. சொல் நீங்கியது, இழிவு நீங்கவில்லை. ஆகவே சொல்லை அகற்றுவதாலேயே கடமை முடிந்துவிடுவதில்லை.

3. காட்டுதலும் கையாளுதலும்

1967இல் வெளிவந்த ‘இன் த ஹீட் ஆஃப் த நைட்’ இதற்கு மறுதலையான சான்று. இயக்கியவர் நார்மன் ஜூவிசன் என்னும் வெள்ளையர். தென்மாநிலக் காவல்துறைத் தலைவர் கில்லெஸ்பி, சிட்னி பாய்ட்டியே ஏற்ற கறுப்பினத் துப்பறிவாளரை இழிசொல்லாலேயே சுட்டி, உன் ஊரில் உன்னை எப்படி அழைப்பார்கள் என ஏளனமாய் வினவுகிறார். அவரோ, ‘திரு’ என்னும் மதிப்பு அடைமொழியோடு தம் பெயரைச் சேர்த்து, அவ்வாறே தம்மை அழைப்பர் என விடையளிக்கிறார். இங்கு இழிசொல் நாணத்திற்குள்ளாகிறது. இகழப்பட்டவருக்கு மறுமொழி கூறும் இடம் அளிக்கப்பட்டிருப்பதே இதன் காரணம். கொடுமையைக் காட்டுதல் வேறு, கொடுமையின் கருவியையே கையில் எடுத்தல் வேறு.

4. உரியவர் நடுவே வேறுபாடு

இழிவைச் சுமந்தவரே அச்சொல்லைத் தமதாக்கிக்கொண்டு அதன் நஞ்சை முறிக்கலாம் என்பது ஒரு கருத்து. நகைச்சுவைக் கலைஞர் ரிச்சர்டு பிரையர் 1970களில் இக்கருத்தினராய் விளங்கினார். அவருடைய 1974ஆம் ஆண்டு இசைத்தட்டின் தலைப்பிலேயே அச்சொல் இருந்தது. ஆனால் 1979இல் கென்யா நாட்டிற்குச் சென்று, எல்லாத் தொழில்களையும் பொறுப்புகளையும் கறுப்பின மக்களே ஏற்று நிற்பதைக் கண்டபின், அச்சொல் குறிக்கும் மனிதன் எவனும் இல்லை என உணர்ந்து அதனைக் கைவிட்டார். 1982இல் வெளிவந்த தம் மேடை நிகழ்ச்சிப் படத்தில் அவரே இதனை அறிவித்தார்.

குவெண்டின் டாரன்டினோ என்னும் வெள்ளை இயக்குநரின் ‘ஜாக்கி பிரவுன்’ 1997இல் வெளியானபொழுது, கறுப்பின இயக்குநர் ஸ்பைக் லீ அதில் இச்சொல் அளவிறந்து ஒலிப்பதைக் கண்டித்தார். தாமும் அதனைப் பயன்படுத்துவதுண்டு என்பதை மறைக்கவில்லை. இருவர் படங்களிலும் நடித்த கறுப்பின நடிகர் சாமுவேல் ஜாக்சனோ டாரன்டினோவின் பக்கம் நின்றார். 2012இல் ‘ஜாங்கோ அன்செயிண்டு’ வந்தபொழுது பூசல் மீண்டும் எழுந்தது. கதை நிகழும் 1858இல் அடிமை உடைமையாளர் அவ்வாறே பேசினர் என்றனர் ஒரு சாரார். தம் முன்னோரை அவமதிப்பதாகக் கருதி அப்படத்தைப் பார்க்கவும் மறுத்தார் லீ. இவற்றிற்கிடையே 2007 ஜூலையில், முற்கூறிய தேசியச் சங்கம் டெட்ராய்ட் நகரில் அச்சொல்லுக்கு அடையாள நல்லடக்கமே நடத்திற்று.

5. கேட்க வேண்டிய வினா

பிறப்பினால் மட்டும் உரிமை தீர்மானமாகிவிடாது என்பது மேற்கண்டவற்றால் புலனாகும். எனினும் இரு சாராரும் ஒரே நிலையில் இல்லை. அடிபட்டவர் தம் தழும்பைத் தாமே காட்டலாம். பிறர் அதனைத் தொடுவதற்குக் காரணம் காட்ட வேண்டும். இச்சொல் இக்காட்சியில் யாருக்குப் பயன்படுகிறது, இகழப்பட்டவர் மறுமொழி கூற இடம் பெறுகிறாரா, அரங்கில் இருக்கும் அவ்வினத்தார் இதனை எவ்வாறு கேட்பர் என்பனவே கேட்க வேண்டிய வினாக்கள்.

புறத்தார் இட்ட பெயரை ஏற்று மதிப்புடையதாக்குதல் நமக்குப் புதிதன்று. அந்தியோகியாவில் வழங்கத் தொடங்கிய ‘கிறிஸ்தவர்’ என்னும் பெயரும் முதலில் ஏளனமாக இடப்பட்டிருக்கலாம் என்பர் அறிஞர் பலர் (அப்போஸ்தலர் 11:26). அப்பெயரைக் குறித்து வெட்கப்பட வேண்டாம் எனப் பின்னர் அறிவுறுத்தப்பட்டது (1 பேதுரு 4:16). அதனை மதிப்புடையதாக்கியவர்கள் அப்பெயரால் துன்புற்றவர்களே என்பது நோக்கத்தக்கது.

சாதிப் பெயரால் இகழ்தலைத் தண்டிக்க 1989இல் சட்டம் இயற்ற வேண்டியிருந்த நாட்டில் வாழும் நமக்கும் இவ்வினா அயலானதன்று. சாதிக் கொடுமையைக் கண்டிக்கும் நோக்கத்துடனேயே சாதி இழிசொற்களைப் பீடத்திலிருந்து எடுத்துரைக்கும் போதகர் உண்டு. அச்சொல்லால் தாம் ஒருநாளும் அழைக்கப்படாதவராயின், அதனை அன்றாடம் கேட்டு வளர்ந்தவர் சபையில் அமர்ந்திருப்பதை அவர் முதலில் நினைவுகூர்தல் வேண்டும். சொல்லாமலே கண்டிக்க இயலுமாயின் சொல்லாதிருத்தலே நன்று. சொல்லித்தான் ஆக வேண்டுமெனில், இகழப்பட்டவரின் மறுமொழியையும் உடன் சொல்லுதல் கடமையாகும்.