பழைய கடித உறையில் தபால்தலை இருக்கிறதா? கிழிப்பதற்கு முன் அறிய வேண்டியவை

மும்பை: தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப் பகுதியில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் தகரப் பெட்டிகளில், ஊரிலிருந்து வந்த கடிதங்கள் கட்டுக் கட்டாகக் கிடப்பதுண்டு. வீடு மாறும்போது அவை எடைக்குப் போடப்படுகின்றன. சிலர் மட்டும் தபால்தலைகளைக் கிழித்து எடுத்துக்கொண்டு, உறைகளை எறிந்துவிடுகின்றனர்.

பழந்தபால்தலைச் சேகரிப்பில் பெரும்பாலான இழப்பு நேர்வது இந்த இடத்தில்தான். 19ஆம் நூற்றாண்டுத் தபால்தலைகளைப் பொறுத்தவரை, தனித் தலையைவிட முத்திரையுடன் கூடிய முழு உறை பல மடங்கு விலை பெறுவது வழக்கம்.

வயது மட்டும் விலையாகாது

நூறு ஆண்டு கடந்த எதுவும் பொக்கிஷம் என்று பலர் கருதுகின்றனர். உண்மை வேறு. இந்தியாவில் 1879ஆம் ஆண்டு ஜூலை மாதம் அறிமுகமான கால் அணா அஞ்சலட்டை மிகப் பெரிய எண்ணிக்கையில் அச்சிடப்பட்டதால், இன்றும் குறைந்த விலைக்கே கிடைக்கிறது. மாறாக, 1948இல் வெளியான காந்தி 10 ரூபாய் தபால்தலையில் அரசுப் பணிக்கென 'சர்வீஸ்' என்று மேலச்சிடப்பட்ட நான்கு தலைகள் கொண்ட ஒரு வரிசை, 2017இல் 5 லட்சம் பவுண்டுக்கு விற்பனையானது.

எத்தனை அச்சாயின, அவற்றில் எத்தனை எஞ்சியுள்ளன, எந்த நிலையில் உள்ளன என்பவையே விலையைத் தீர்மானிக்கின்றன.

பம்பாய் மாகாணத்தில் தொடங்கிய கதை

ஆசியாவின் முதல் ஒட்டுத் தபால்தலை, அன்று பம்பாய் மாகாணத்துடன் இணைந்திருந்த சிந்துப் பகுதியில் வெளியானது. அப்பகுதியின் ஆணையர் பார்ட்டில் ஃப்ரேர் 1852 ஜூலை 1 அன்று அறிமுகப்படுத்திய இந்த வட்ட வடிவ அரை அணா வில்லை, 'சிந்து டாக்' என அழைக்கப்படுகிறது.

முதலில் வந்தது சிவப்பு அரக்கு வில்லை. அது எளிதில் நொறுங்கியது. அடுத்து வெள்ளைத் தாளில் நிறமின்றிப் புடைப்பாக அச்சிட்டனர். விளக்கொளியில் அது கண்ணுக்கே தெரியவில்லை என்பதால் பின்னர் நீல நிறம் சேர்க்கப்பட்டது. நொறுங்கிய காரணத்தாலேயே சிவப்பு வில்லை இன்று அரியதாகிவிட்டது.

1854 அக்டோபர் 1 முதல் நாடு முழுவதும் ஒரே அஞ்சல் கட்டண முறை நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு கல்கத்தாவில் அச்சான தலைகளுக்கு ஓரத் துளைகள் கிடையாது. கத்தரிக்கோலால் வெட்டியே ஒட்ட வேண்டும். அவசரத்தில் வெட்டியவர்களின் கத்தரி படத்தையும் தின்றது. ஆகவே நான்கு பக்கமும் விளிம்பு எஞ்சிய தலைக்கும், ஒரு பக்கம் வெட்டுப்பட்ட தலைக்கும் விலை வேறுபாடு பெரிது.

இவற்றுள் நான்கு அணாத் தலை சிவப்பு, நீலம் என இரு நிறங்களில், இரு முறை அச்சிடப்பட்டது. சில தாள்கள் தலைகீழாகச் செலுத்தப்பட்டதால் விக்டோரியா அரசியின் உருவம் கவிழ்ந்து விழுந்தது. உலகில் சுமார் 30 மட்டுமே எஞ்சியதாக அறியப்படும் இப்பிழைத் தலை, இந்தியத் தபால்தலைகளில் மிகவும் தேடப்படுபவற்றுள் ஒன்று.

முத்திரை சொல்லும் ஊர்

தமிழர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியவை 1867 வரை இந்திய நிர்வாகத்தின் கீழ் இருந்ததால், அங்கும் இந்தியத் தபால்தலைகளே ஒட்டப்பட்டன. தலையைப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. அதன்மேல் விழுந்த முத்திரையில் 'பி 172' என்றிருந்தால் அது சிங்கப்பூரிலும், 'பி 147' என்றிருந்தால் பினாங்கிலும் அஞ்சலிடப்பட்டது. சாதாரணத் தலை ஒன்று இந்த எண்ணால் மட்டுமே அரியதாகிறது. உறையைக் கிழித்துத் தண்ணீரில் ஊறவைப்பவர், ஊர் முத்திரை, தேதி, முகவரி ஆகிய சான்றுகளையும் சேர்த்தே அழித்துவிடுகிறார்.

அமெரிக்காவின் ஒரு சென்ட் பாடம்

உலகச் சந்தையில் இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு அமெரிக்கத் தபால்தலைகள். அங்கு முதல் தேசியத் தபால்தலைகள் 1847 ஜூலையில் வெளியாயின. முத்திரை மையைக் கழுவித் தலையை மீண்டும் பயன்படுத்துவதைத் தடுக்க, 1860களின் இறுதியில் தாளில் வலைப்பின்னல் போன்ற நுண்புடைப்புகள் அழுத்தப்பட்டன. மை தாளுக்குள் ஊறிவிடும் என்பது இதன் நோக்கம்.

பெஞ்சமின் ஃபிராங்ளின் உருவம் கொண்ட ஒரு சென்ட் நீலத் தலையில், 'இசட் கிரில்' எனும் வகைப் புடைப்புடன் அறியப்பட்டவை இரண்டே. ஒன்று நியூயார்க் பொது நூலகத்துக்கு உரியது. மற்றொன்று 2024இல் 40 லட்சம் டாலருக்கும் மேலான தொகைக்கு ஏலம் போனது. புடைப்பு இல்லாத அதே படத்தலையோ எளிதில் கிடைக்கும். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே!

விலை கேட்கும் முன்

விலைப்பட்டியல் நூல்களில் அச்சாகும் தொகை, குறையற்ற தலைக்கு உரியது. கிழிசல், மெலிவு, நிறமங்கல் இருந்தால் அதில் சிறு பங்கே கைக்கு வரும். 1854 வகைகளில் போலிகளும் ஏராளம். ஆதலால் பெருந்தொகை பேசும் எவரும் நிபுணர் குழுவின் சான்றிதழைக் கேட்பர். இணையத்தில் 'கோடி ரூபாய் தபால்தலை' என்று பரவும் படங்களை வைத்து விலை பேசுவது வீண்.

மும்பை பொது அஞ்சலகத்தின் தபால்தலைப் பிரிவு, புதிய வெளியீடுகளை வாங்குவோருக்கானது. பழையவற்றுக்கு அங்கு விலை கேட்பதில் பயனில்லை. தபால்தலைக் கண்காட்சிகளில் கூடும் சேகரிப்பாளர்கள் இருவர் மூவரிடம் தனித்தனியே காட்டிக் கருத்துக் கேட்பது நல்லது. அதுவரை உறைகளை மடிக்காமல், ஒட்டுநாடா போடாமல், மும்பை மழைக்காலத்தின் ஈரம் படாத இடத்தில் தட்டையாக வைத்திருந்தால் போதும்.