தொலையுணர்வில் ‘காடு’ என்னும் சொல்

வெப்பமண்டலக் காடுகளைக் கண்காணிக்கும் பணியில் செயற்கைக்கோள் படிமங்களை வகைப்படுத்தும் பொறுப்பு படிப்படியாகச் செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைக்கப்பட்டு வருகிறது. அவ்வறிவு காட்டை நேரே அறிவதில்லை. மனிதர் ‘காடு’ எனக் குறியிட்டுக் கொடுத்த சான்றுகளையே அறிகிறது. எனவே இதில் மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் பங்குண்டு.

இலைப் பச்சையம் சிவப்பொளியை உறிஞ்சும். இலையின் உள்ளமைப்பு அண்மை அகச்சிவப்புக் கதிரை மிகுதியாகத் திருப்பியனுப்பும். இவ்வேறுபாட்டைக் கொண்டே பசுமை அளக்கப்படுகிறது. களத்தில் கண்டவர் சில இடங்களுக்குப் பெயரிட்டுத் தர, அவற்றை ஒத்த பிற இடங்களைக் கணிப்பொறி இனங்காண்கிறது. பெயர் பிழைத்தால் படமும் பிழைக்கும்.

இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் வரையறையைக் காண்போம். ஒரு ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட நிலத்தில் மரக்கவிகை 10 விழுக்காட்டிற்குக் குறையாதிருப்பின், உடைமை எவருடையதாயினும், மரம் எவ்வினத்ததாயினும், அது ‘ஃபாரஸ்ட் கவர்’ ஆகும். தென்னந்தோப்பும் ரப்பர்த் தோட்டமும் இதனுள் அடங்கும். 2023ஆம் ஆண்டின் அறிக்கைப்படி இதன் அளவு 7,15,343 சதுர கிலோமீட்டர். நாட்டின் பரப்பில் 21.76 விழுக்காடு. புறத்தேயுள்ள சிறு மரத்தொகுதிகளையும் சேர்த்தால் 25.17 விழுக்காடு. சட்டப்படி பதிவான வனநிலம் வேறொரு கணக்கு. இம்மூன்றையும் ‘வனப்பரப்பு’ என்றே பெயர்த்தால் படிப்போர் எதைக் கொள்வர்? முதலாவதை ‘மரக்கவிகைப் பரப்பு’ எனலாம். ஓசை சற்றுக் கடினமே, ஆயினும் பொருள் மயங்காது.

இம்மயக்கத்தின் விளைவை நீலகிரியிலும் பழனி மலையிலும் காணலாம். அங்கே மலைமடிப்புகளில் சோலையும் சரிவுகளில் புல்வெளியும் இயல்பாக அமைந்தவை. (ஆங்கில வனநூல்கள் ‘ஷோலா’ என நம் சொல்லையே கடன் கொண்டன.) ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகையும் தைலமரமும் புல்வெளிகளில் நடப்பட்டன, சீகை தானாகவும் பரவிற்று. மரக்கவிகையை மட்டும் நோக்கும் படத்தில் இவ்விழப்பு ஆக்கமாகத் தோன்றும். சோலை, சீகை, தைலம், புல்வெளி எனத் தனித்தனிக் குறியிட்டு ஆராய்ந்தபோதே புல்வெளி சுருங்கியமை புலப்பட்டது.

‘காடழிப்பு’ என்னும் சொல்லும் அவ்வாறே. பிரேசிலின் விண்வெளி ஆய்வு நிறுவனம் 1988 முதல் அமேசானில் நடத்திவரும் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஒருமுறை அழிந்ததெனக் குறித்த நிலம் மீண்டும் தழைத்தாலும் காடாகச் சேர்க்கப்படுவதில்லை. இந்தியக் கணக்கிலோ புதிதாய் எழுந்த தோட்டமும் சேரும். ஆதலின் இரு நாட்டு எண்களையும் ஒரே சொல்லின்கீழ் அடுத்தடுத்து நிறுத்துதல் பொருந்தாது.

களத்தில் குறி திரட்டுவோர்க்கு வட்டார வழக்கும் தெரிந்திருத்தல் வேண்டும். கொங்கு நாட்டில் ‘காட்டுக்குப் போகிறேன்’ என்பவர் பெரும்பாலும் தம் புன்செய் நிலத்திற்கே செல்கிறார்.